இடது கைப் பிடி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சீக்கிரம் போகாது. என் வீட்டுக்காரர் இதைக் கல்யாணமான முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் பால் மாதிரி வெளியே பொங்குகிற கோபம்தான். அவருக்குத் தெரியாமல் இன்னொன்றை வருஷக்கணக்கில் மனசுக்குள் வைத்துக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அது ஒரு டிரம்ஸ் வாசிக்கிறவன்மேல். சண்டை எதற்கு என்று கேட்டால் சிரிப்பீர்கள். குச்சியை எப்படிப் பிடிப்பது என்பதற்கு.

என் அப்பா மர்பி டவுனில் ஒரு பேண்டு செட்டில் சைடு டிரம் வாசித்தார். பகலில் அச்சாபீஸில் காகிதம் வெட்டுகிற வேலை. கல்யாணமோ சாவோ சொல்லி அனுப்பினால், சரிகை வைத்த சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். சைடு டிரம்மை வலது தோளில் பெல்ட் போட்டுத் தொங்கவிட்டால் அது இடது தொடையில் வந்து சாயும். இடப் பக்கம் தூக்கிக்கொண்டும் வலப் பக்கம் தாழ்ந்தும் நிற்கும். அப்படிச் சாய்ந்த டிரம்மில் இடது கையை மேலிருந்து போட்டால் முழங்கை காக்கா இறக்கை மாதிரி தூக்கிக்கொள்ளும், நாலு தெரு நடப்பதற்குள் தோள் கழன்றுவிடும். அதனால் பேண்டு செட்டுக்காரர்கள் இடது உள்ளங்கையை மேலே திருப்பி, குச்சியைப் பெருவிரல் இடுக்கில் படுக்க வைத்து, மோதிர விரல்மேல் தாங்கிக்கொள்வார்கள். வலது கை மட்டும் சாதாரணமாக மேலிருந்து பிடிக்கும். இரண்டு கையும் இரண்டு விதம். அப்பா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, தலையணையை மடியில் சாய்த்து வைத்து அடிப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே என் கைக்கும் அது வந்துவிட்டது. பெண்கள் பள்ளிக்கூட பேண்டில் முதல் வரிசையில் சைடு டிரம் வாசித்தது நான்தான். இடது பெருவிரல் இடுக்கில் எனக்குக் காய்ப்பு உண்டு. இப்போதும் தொட்டால் தெரியும்.

பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஒரு ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தேன். தண்ணீர்ச் சண்டையில் தமிழர்களை அடித்துத் துரத்திய காவேரி கலாட்டா நடந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்து மேடைகளிலும் கன்னடப் பாட்டில் ஆரம்பித்து, கூட்டத்தின் முகம் பார்த்துத்தான் தமிழுக்கு வருவார்கள். எனக்குக் கோரஸ் பாடவும் கையில் டாம்பரின் தட்டவும் வேலை. ஆனால் கண்ணெல்லாம் பின்னால் இருந்த டிரம்ஸ் செட்டின் மேலேயே இருக்கும்.

அதை வாசித்தவன்தான் அவன். என்னைவிடப் பத்து வயது பெரியவன், ஜீவனஹள்ளிக்காரன், தலைமுடி தோள் வரைக்கும். இரண்டு குச்சியையும் ஒரே மாதிரி, சைக்கிள் ஹேண்டிலைப் பிடிப்பதுபோல மேலிருந்து பிடிப்பான். வெளிநாட்டு வீடியோ கேசட் பார்த்துக் கற்றுக்கொண்டதாம். அந்த கேசட்டைப் பற்றிப் பேசாத நாள் கிடையாது. நன்றாக வாசிப்பான், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். வாசிப்பு மோசமாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும்.

ஒரு நாள் ரிகர்சலில் அவன் டீ குடிக்கப் போன நேரம் நான் போய் உட்கார்ந்து அடித்துப் பார்த்தேன். திரும்பி வந்தவன் என் இடது கையைத்தான் பார்த்தான்.

"இன்னாமா இது? சாவுக்கு முன்னாடி நடக்கிறவன் புடி. இத்த வச்சிக்கினு ஸ்டேஜ்ல குந்துனா ஜனங்க சில்லறை வுட்டெறிவாங்க."

"எங்கப்பா இப்டித்தாண்ணா புடிப்பாரு."

"அதான் தெரியுதே" என்றான்.

எழுந்து வந்துவிட்டேன். அதோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன். என்னைச் சொன்னதை நான் எப்போதும் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அந்த வருஷம் ஜீவனஹள்ளியில் கணேசா பந்தலில் எங்கள் ப்ரோக்ராம். எங்கள் வீட்டில் புத்தர் படம் மட்டும்தான், சாமி கும்பிடுகிற வழக்கம் கிடையாது. ஆனாலும் மகள் பாடுகிறாள் என்று அப்பா வந்திருந்தார். பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாண ஊர்வலம் வாசித்துவிட்டு, சிவப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே வந்து முன் வரிசையில் நின்றார். இரண்டு பாட்டுக்கு நடுவில் அவன் மைக்கைப் பிடுங்கினான்.

"நம்ம ஏரியா பேண்டு மாஸ்டர் வந்துகிறாரு. வாங்க மாஸ்டர், வாங்க. நம்ம ட்ரம்ஸ்ல ஒரு கை காட்டுங்க."

அப்பாவுக்கு முதலில் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்றே புரியவில்லை. புரிந்ததும் செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு மேடை ஏறினார். சாயாத டிரம்முக்கு முன்னால் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் தானே ஒரு பக்கம் சாய்ந்து, இடது உள்ளங்கையை மேலே திருப்பிக்கொண்டு ஆரம்பித்தார். அருமையாக வாசித்தார். அவருக்குப் பின்னால் அவன் நின்றான். அப்பாவைப் போலவே ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு, இடது கையை நீட்டி, உள்ளங்கையை மேலே காட்டி, கூட்டத்தைப் பார்த்துப் பிச்சை கேட்டான். முகத்தையும் அதற்கேற்ற மாதிரி வைத்துக்கொண்டான். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. முன்னால் இருந்த சிலர் நிஜமாகவே காசு எறிந்தார்கள். அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டு இன்னும் வேகமாக, இன்னும் சந்தோஷமாக அடித்தார். முடித்ததும் அவன் அப்பா கழுத்தில் ஒரு மாலையைப் போட்டான். அப்பா அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் டாம்பரினைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றேன். கத்தியிருக்கலாம், அவன் சட்டையைப் பிடித்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அப்பா திரும்பிப் பார்த்திருப்பார். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அவர் சொன்னதைக் கேட்க வேண்டுமே. "இத்தினி வருசமா வாசிக்கிறேன். பொணத்துக்கு முன்னாடியும் மாப்ள குதுரைக்கு முன்னாடியும்தான் நடந்துக்கினு கெடந்தேன். மேடை ஏத்தி, மாஸ்டர்னு கூப்ட்டு, மாலை போட்டான் பாரு அந்தத் தம்பி. அவன் நல்லா இருக்கணும்." அம்மா திருஷ்டி கழித்தாள். அந்த மாலை காய்ந்து உதிரும்வரை கதவு ஆணியில் தொங்கியது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதை உண்டு. அன்று பந்தலில் சிரித்தவர்களில் எங்கள் தெருக்காரர்களும் இருந்தார்கள். அப்பா சொல்லும்போது அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டுவார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் எங்கள் தெருவுக்கு நான் கடமைப்பட்டவள்.

அவன் நல்லா இருக்கக் கூடாது என்று நான் முடிவு செய்தேன். அப்பாவுக்கு உண்மை தெரியாமல் அவனை ஒழிக்க வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

வழி தானாக வந்தது. கொஞ்ச வருஷத்தில் ஆர்கெஸ்ட்ரா ஓனர் ஒரு ரிதம் பேடு வாங்கினார். மடியில் வைத்துக்கொள்கிற அளவுக்கு ஒரு கறுப்புப் பலகை, அதில் எட்டுக் கட்டம். ஒவ்வொன்றையும் குச்சியால் தட்டினால் ஒவ்வொரு சத்தம் வரும். தபலா வரும், டிரம்ஸ் வரும், கண்ணாடி உடைகிற சத்தம்கூட வரும். அவன் அதைப் பார்த்துவிட்டு, "இட்லித் தட்டு. இத்த நான் தொடறதா?" என்று சொல்லிவிட்டான். ஓனர் என்னிடம் புலம்பினார். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடு, கொஞ்சம் அனுசரிச்சிப் போன்னு அவன்கிட்ட எத்தினி வாட்டி சொல்றது? நீ ட்ரை பண்றியா மா?"

அதில்தான் நான் பிடியை மாற்றினேன். தட்டையான பலகையில் மேல் வரிசைக் கட்டத்தை எட்ட, உள்ளங்கையை மேலே திருப்பிய இடது கை உதவாது. இரண்டு கையும் மேலிருந்துதான் விழ வேண்டும். அதாவது அவன் பிடி. பல்லைக் கடித்துக்கொண்டு அவன் பிடியைக் கற்றுக்கொண்டேன். என் இடது கை அடம் பிடித்தது. தூக்கத்தில்கூட அது அப்பா பிடிக்கே திரும்பிவிடும். வீட்டில் அப்பா பார்த்துவிட்டு, "ரெண்டு கையும் ஒரே மாறி கீதே, இது நம்ம தம்பி புடிதான?" என்று சந்தோஷப்பட்டார். ஆமாம்பா என்றேன்.

டிரம்ஸ் செட்டு போக வேண்டுமென்றால் டெம்போ வேண்டும், ஏற்றி இறக்க ஆள் வேண்டும், மேடையில் பாதி இடம் வேண்டும். பேடுக்கு ஒரு ஆட்டோ போதும். ஓனர் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர். முதலில் சின்ன ப்ரோக்ராம்களுக்கு அவனைக் கூப்பிடவில்லை, பிறகு பெரியதற்கும் கூப்பிடவில்லை. ஒரு நாள் அவன் ஓனர் வீட்டு வாசலில் நின்று கத்தியதையும், ஓனர் உள்ளே இருந்துகொண்டே இல்லை என்று சொல்லி அனுப்பியதையும் நான் உள்ளே உட்கார்ந்து கேட்டேன். காபி குடித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு ருசியான காபியை நான் குடித்ததில்லை. அதற்குப் பிறகு, வழி இல்லாவிட்டாலும் ஆட்டோக்காரரிடம் சொல்லி அவன் வீட்டுத் தெரு வழியாகப் போகச் சொல்வேன். பேடை மடியில் நன்றாகத் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்வேன். அவன் டிரம்ஸ் செட்டை விற்றுவிட்டான் என்று கேள்விப்பட்டபோது அம்மாவிடம் சொல்லி பாயசம் வைக்கச் சொன்னேன். என்ன விசேஷம் என்று கேட்டாள். சும்னே, சும்மாதான், ஆசையாக இருக்கிறது என்றேன்.

பிறகு ஆர்கெஸ்ட்ராவே படுத்துவிட்டது, கரோக்கி வந்து எல்லோரையும் ஒரே அடியாக அனுப்பிவிட்டது. நான் அப்பாவின் பழைய பேண்டு செட்டை எடுத்து நடத்த ஆரம்பித்தேன். கேலிக்குரியதாக இருந்த சிவப்புக் கோட்டுக்கு அந்த வருஷங்களில் திடீரென்று மவுசு வந்திருந்தது. ஹெப்பகோடி பக்கம் கம்பெனிகளில் குடும்ப விழா வைத்தால், வாசலில் நின்று வரவேற்க பேண்டு செட்டு வேண்டும் என்று கேட்டார்கள். அங்கே வேலை செய்கிற பிள்ளைகள், அதில் பாதிப் பேர் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து வந்தவர்கள், எங்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அப்பா அப்போது வாசிப்பதை நிறுத்திவிட்டிருந்தார், மூச்சு வாங்கும். ஆனால் கோட்டு போட்டுக்கொண்டு கூடவே வருவார். அவருக்கு நாற்காலி போட்டுவிடுவேன்.

அப்போதுதான் அவன் வேலை கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். தோள் வரைக்கும் இருந்த முடி போய் முன்னந்தலை வழுக்கை. ஏதோ ஒரு கட்டிடத்தில் செக்யூரிட்டி வேலை பார்த்துக்கொண்டிருந்தானாம். நான் எத்தனையோ வருஷமாகத் தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தன. அதற்குள் அப்பா அவனைக் கட்டிப் பிடித்து உள்ளே அழைத்துவந்து உட்கார வைத்துவிட்டார்.

"தம்பி, ரொம்ப நாளா கேக்கணும்னு. அன்னிக்கு அவ்ளோ பேரு நின்னாங்களே, என்னை எதுக்கு மேடைக்குக் கூப்ட்ட?"

அவன் முகத்தைக் கவனித்தேன். அவனுக்கு எதுவும் நினைவில்லை. எந்த மேடை, எந்த நாள், ஒன்றுமே இல்லை. நான் தினம் தினம் எண்ணெய் ஊற்றி எரித்துக்கொண்டிருந்த விளக்கைப் பற்ற வைத்தவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஒரு கணம் என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். வேலை கேட்டு வந்தவன் அல்லவா, சட்டென்று பிடித்துக்கொண்டான்.

"இன்னா மாஸ்டர் இப்டி கேட்டுட்டீங்க? சின்ன வயசுல உங்க பேண்டு பின்னாடியே ஓடுனவன் நானு. உங்க கைய பாத்துத்தான் எனக்கு டிரம்ஸ் ஆசையே வந்துச்சி. ஒரு வாட்டியாவது உங்கள மேடை ஏத்தணும்னு நெனச்சிக்கினே இருந்தேன். நீங்க வந்து நின்னதும் வுட்டுடுவனா?"

அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் டீ டம்ளருடன் நின்றேன். இத்தனை அழகான பொய்யை உடைக்க நான் யார்? உடைத்தால் காயம் யாருக்கு? டீயை வைத்தேன். கொதிக்கக் கொதிக்க வைத்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

வாசலில் வழியனுப்பும்போது சொன்னேன். "வேலை தரேன். பெல்ட்டு போட்டு நடந்துக்கினே வாசிக்கணும், உங்க புடி அதுக்கு ஆகாது. அப்பாகிட்ட அவரு புடியக் கத்துக்குங்க. அப்புறம், உள்ள இப்ப சொன்னீங்களே, அத்த ஒவ்வொரு ப்ரோக்ராம்லயும் மைக்ல சொல்லணும்."

"அவ்ளோதானாமா?" என்றான். என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்துவிட்டான். அது வேறு எனக்கு எரிச்சல்.

தினமும் காலையில் டியூட்டி முடித்துவிட்டு வந்து அப்பா எதிரில் உட்கார்ந்தான். அப்பா அவன் இடது கையைப் பிடித்துத் திருப்பி, "மேல பாக்கணும் தம்பி, கை மேல பாக்கணும்" என்பார். அவன் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான் சமையலறை வாசலில் நின்று கண் நிறையப் பார்ப்பேன். பெருவிரல் இடுக்கில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. அம்மா மஞ்சள் வைக்கப் போனாள், வேண்டாம், தானாகக் காய்ப்பு ஏறும் என்று தடுத்தேன். பழி வாங்குகிறோம் என்பது அவனுக்கே தெரியாமல் பழி வாங்குவது எவ்வளவு உப்புச் சப்பில்லாதது என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

மைக்கில் சொல்லச் சொன்னதும் அப்படித்தான் ஆனது. முதல் சில தடவை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, மனப்பாடம் செய்தவன் மாதிரி ஒப்பித்தான். கூட்டம் கைதட்டியது, அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து கும்பிட்டார். போகப் போக அவனாகவே சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தான். பேண்டு பின்னால் ஓடியபோது மழை பெய்ததாம், அப்பா தன் தொப்பியை அவன் தலையில் வைத்தாராம். அப்பாவும், "ஆமா, அப்டி ஒரு புள்ள இருந்துச்சி" என்று ஆமோதித்தார். ஒரு கட்டத்தில் அவன் நிஜமாகவே அதை நம்பத் தொடங்கிவிட்டான். பண்டிகைக்கு அப்பாவுக்கு வேட்டி எடுத்துவந்தான். மூச்சு முட்டி அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது என் வீட்டுக்காரரோடு மாறி மாறித் துணைக்கு இருந்தான். நான் தண்டனை கொடுக்கப் போய் அவனுக்கு ஒரு அப்பாவைக் கொடுத்திருந்தேன். வயிற்றெரிச்சலாக இருந்தது.

அப்பா ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார். சடங்கு எதுவும் வேண்டாம், பேண்டு மட்டும் வேண்டும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார். பிக்கு வந்து ஓதிவிட்டுப் போனார். மதியம் எடுக்கிற நேரத்துக்கு எங்கள் ஆட்கள் எல்லோரும் கோட்டு போட்டுத் தெருவில் வரிசையாக நின்றார்கள். முதல் ஆளாக அவன் நின்றான். அப்பாவின் டிரம்மைத் தோளில் மாட்டியிருந்தான். முகம் வீங்க அழுதிருந்தான். குச்சியைச் சரியாகப் பிடித்திருந்தான், இடது உள்ளங்கை மேலே, அப்பா பிடித்தது போலவே.

நான் வீட்டிலிருந்து இறங்கி அவன் முன்னால் போய் நின்றேன்.

"பெல்ட்ட கழட்டுங்கண்ணா."

"நாந்தாம்மா வாசிக்கணும். எனக்குச் சொல்லிக் குடுத்தவரு..."

"கழட்டுங்க."

கழற்றிக் கொடுத்தான். என் தோளில் மாட்டிக்கொண்டேன். பொம்பளை காட்டுக்கு வருவதா என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். காதில் போட்டுக்கொள்ளவில்லை. "நான் இன்னாமா தப்பு பண்ணேன்?" என்று கேட்டான் அவன்.

இனி அப்பா காதில் விழாது. அவன் பக்கத்தில் போய் அந்தக் கணேசா பந்தலைச் சொன்னேன். மேடையில் அப்பா உட்கார்ந்திருந்ததை, அவர் முதுகுக்குப் பின்னால் இவன் கை நீட்டி நின்றதை, விழுந்த காசை, சிரித்த தெருவை. குரலை உயர்த்தவில்லை. ஆற அமரச் சொன்னேன். அவனுக்கு நினைவு வர வேண்டுமே என்று கவலையாக இருந்தது. வந்தது. வருவது முகத்தில் தெரிந்தது.

"அவரு இருக்கசொல்லோ ஏம்மா சொல்லல?" என்றான். வாய் கோணியது. "அவரு கால்ல வுழுந்திருப்பனே."

"அதுக்குத்தான் சொல்லல" என்றேன்.

திரும்பி ஆட்களுக்குக் கை காட்டினேன். ஊர்வலம் கிளம்பியது. வருஷக்கணக்கில் பேடு வாசித்த என் இடது கை, சாய்ந்த டிரம்மைத் தொட்டதும் தானாகவே திரும்பிக்கொண்டது. கல்பள்ளிச் சுடுகாடு வரைக்கும் நிறுத்தாமல் வாசித்தேன். அவன் கூட்டத்துக்குப் பின்னால், வெறுங்கையோடு, சுடுகாட்டு கேட்டு வரைக்கும் நடந்து வந்தான். உள்ளே வரலாமா என்பது போல என்னைப் பார்த்தான். நான் கூப்பிடவில்லை.